ஸ்கானில் ஒன்றுமில்லை, பிறகேன் காது கேட்கவில்லை?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை ஓடும் கரையோர வீதியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, இரண்டு மூன்று நாள் வார்டில் கிடந்துவிட்டு ஒருவர் வீடு திரும்பினால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "ஸ்கான் எடுத்தாங்களா?" என்பதைத்தான். எடுத்தார்கள், மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்று தெரிந்ததும் வீடே மூச்சு விடுகிறது. ஒரு கிழமை கழித்து அதே மனிதர் "இந்தப் பக்கக் காது கேக்குதில்ல" என்று சொல்லும்போது, அந்த நிம்மதிதான் முதலில் குறுக்கே வருகிறது. ஸ்கானில் ஒன்றுமில்லை என்று வைத்தியரே சொன்ன பிறகு காதில் என்ன இருக்கப்போகிறது என்று வீட்டார் நினைக்கிறார்கள்.

அதன் பிறகு ஆளுக்கொரு விளக்கம் வரும். அதிர்ச்சியில் காது அடைத்திருக்கிறது, தானாகத் திறக்கும் என்பார் ஒருவர். நரம்பு செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்யேலாது என்பார் மற்றவர். நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி இரண்டு சொட்டு விடச் சொல்வார் மூன்றாமவர். முதல் இரண்டு பேச்சும் சிலருடைய காதுக்குப் பொருந்தும், வேறு சிலருடைய காதுக்குப் பொருந்தாது. மூன்றாவது யாருக்கும் பொருந்தாது, சிலருக்குக் கேடும் செய்யும். தலையில் அடிபட்ட பின் வரும் கேட்டல் இழப்பு என்பது ஒரே நோயன்று. ஒலி காதுக்குள் நுழைந்து மூளையை அடையும் வரை ஒரு நீண்ட பாதையைக் கடக்கிறது. அந்தப் பாதை எந்த இடத்தில் பழுதுபட்டது என்பதைப் பொறுத்தே அது தானாகச் சரியாகுமா, சத்திரசிகிச்சையால் சரியாகுமா, நிரந்தரமாக இருந்துவிடுமா என்பது அமையும். ஆகவே அந்தப் பாதையிலிருந்தே தொடங்குவோம்.

வளியிலிருந்து திரவத்துக்கு

முழுநிலா இரவுகளில் கல்லடிப் பாலத்தை அண்டித் தோணியில் போய் மட்டக்களப்பு வாவியின் பாட்டைக் கேட்டவர்களுக்கு ஒரு வழக்கம் தெரிந்திருக்கும். தோணியில் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த ஒலி தெளிவாகக் கேட்பதில்லை. துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு வைத்தால் கேட்கிறது. பாடுவது மீனா சிப்பியா என்ற பழைய வழக்கை இங்கே இழுக்க வேண்டியதில்லை; நமக்கு வேண்டியது துடுப்பு. நீருக்குள் எழும் ஒலி நீர்மட்டத்தை அடைந்ததும் அதன் ஆற்றலில் ஏறத்தாழ 99.9 சதவீதம் மறுபடி நீருக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. நீர் கனமானது, எளிதில் அமுங்காதது; வளி இலேசானது. இவ்வளவு வேறுபட்ட இரண்டுக்கும் நடுவே ஒலி எளிதில் தாண்டாது. தாண்டுவதற்கு இடையில் திண்மமான ஒரு பொருள் வேண்டும்.

நம் காதுக்கும் இதே சிக்கல்தான், திசை மட்டும் மறுபக்கம். ஒலி வெளியே வளியில் வருகிறது. அதை உணரும் உறுப்போ உள்ளே திரவத்தில் மூழ்கியிருக்கிறது. வளியில் வரும் ஒலி நேரடியாக அந்தத் திரவத்தில் மோதினால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். எனவே இரண்டுக்கும் இடையே ஒரு துடுப்பு வைக்கப்பட்டிருக்கிறது. காதுத் துவாரத்தின் முடிவில் உள்ள மெல்லிய சவ்வு செவிப்பறை எனப்படும். ஏறத்தாழ 9 அல்லது 10 மில்லிமீற்றர் விட்டமும், ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு தடிப்பும் உள்ள அந்தச் சவ்வுக்குப் பின்னால் வளி நிரம்பிய ஒரு சிற்றறை இருக்கிறது, அதுவே நடுக்காது. அந்த அறைக்குள் மூன்று சிறு எலும்புகள் ஒன்றோடொன்று மூட்டுக் கோத்துத் தொங்குகின்றன. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்று படித்தவை இவைதாம். கடைசியான ஏந்தியுரு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளமே உள்ளது. மனித உடலில் அதைவிடச் சிறிய எலும்பு கிடையாது.

இந்தச் சங்கிலி ஒலியைக் கொண்டுபோவதோடு நில்லாமல் அதன் அழுத்தத்தையும் பெருக்குகிறது. செவிப்பறையின் அதிரும் பரப்பு ஏந்தியுருவின் அடித்தட்டைப் போல் சுமார் 17 மடங்கு பெரியது. பெரிய பரப்பில் விழுந்த விசை சிறிய பரப்பில் குவியும்போது அழுத்தம் அந்த அளவுக்கு உயர்கிறது. எலும்புகள் நெம்புகோலாகவும் தொழிற்படுவதால் இன்னும் சற்றுக் கூடுகிறது. மொத்தத்தில் 20 மடங்குக்கு மேல் அழுத்தம் பெருகியே ஒலி உள்ளே நுழைகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு மூட்டுக் கழன்றால் கேட்டல் ஏன் அவ்வளவு குறைகிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

திரவத்திலிருந்து நரம்புக்கு

ஏந்தியுரு தட்டுகிற இடத்துக்கு அப்பால் உட்காது தொடங்குகிறது. நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்றுச் சுற்றிய நத்தைச்சுருள் என்னும் உறுப்பு அங்கே இருக்கிறது. விரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீற்றர் வரும். அதற்குள் திரவம், திரவத்துக்கு நடுவே நீளவாக்கில் ஒரு சவ்வு, அந்தச் சவ்வின் மேல் வரிசை வரிசையாக மயிர்க்கலங்கள். மயிர்க்கலம் என்பது தலையில் நுண்ணிய இழைகளை உடைய, அதிர்வை மின் சைகையாக மாற்றும் கலம். ஒரு காதில் இவை ஏறத்தாழ 15,000 உள்ளன. கூர்மையான ஒலி நத்தைச்சுருளின் நுழைவாயில் பக்கத்தையும், கனத்த ஒலி உள் நுனிப் பக்கத்தையும் அதிகம் அசைக்கும். திரவத்தில் அலை ஓடும் இந்த முறையைக் கண்டறிந்ததற்காகவே கியோர்க் ஃபொன் பெக்கேசி என்பவருக்கு 1961 ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மயிர்க்கலங்கள் எழுப்பும் சைகையைச் செவிநரம்பு மூளைக்கு எடுத்துச் செல்கிறது.

ஒரு செய்தியை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மனிதரில் மயிர்க்கலம் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. தோல் கிழிந்தால் வளர்கிறது, எலும்பு முறிந்தால் பொருந்துகிறது, மயிர்க்கலத்துக்கு அந்த வசதி இல்லை. கோழிக்கும் மீனுக்கும் அவை மறுபடி வளரும் என்பதைக் கேட்டால் நமக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், பாதையில் இரண்டு பெரும் பகுதிகள் உள்ளன. செவிப்பறையும் மூன்று எலும்புகளும் ஒலியைக் கடத்தும் பகுதி. அங்கே பழுதானால் அது கடத்தல் இழப்பு. நத்தைச்சுருளும் செவிநரம்பும் ஒலியை உணரும் பகுதி; அங்கே பழுதானால் அது உணர்நரம்பு இழப்பு. இனி வருவதெல்லாம் இந்தப் பிரிவைச் சுற்றியே நடக்கும். இரண்டும் ஒரே காதில் சேர்ந்து வருவதும் உண்டு.

அடி தலையில், பழுது காதில்

காதுக்கு மேலும் பின்னும் கையை வைத்தால் தட்டுப்படுகிற மண்டையோட்டுப் பகுதி கடைநுதல் எலும்பு. நடுக்காதும் உட்காதும் இந்த எலும்புக்குள்ளேதான் புதைந்திருக்கின்றன. உட்காதைச் சுற்றியுள்ள பகுதி உடலிலேயே மிகக் கடினமான எலும்புகளில் ஒன்று. எனவே அது முறிந்திருந்தால் விழுந்த அடி இலேசானதன்று என்று பொருள். தென்னையிலிருந்து விழுதல், கூரை வேலையில் சறுக்குதல், உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து தூக்கி எறியப்படுதல் என நம் பகுதியில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. காதுக்கு மேலேயே நின்றுவிடும் அரைத் தலைக்கவசத்தை அணிந்து, அதன் பட்டியையும் பூட்டாமல் ஓடுகிறவர்களுக்கு இந்த எலும்பு திறந்தே கிடக்கிறது.

எலும்பு முறியாமலும் காது பழுதாகலாம். பலர் நம்ப மறுப்பது இதைத்தான். அடிபட்ட கணத்தில் மண்டையோடு திடீரென நிற்கிறது, உள்ளிருக்கும் திரவம் நிற்க மறுக்கிறது, நத்தைச்சுருளின் சவ்வின் மேல் ஓர் அலை மோதிப் போகிறது. வெளியே ஒரு கீறலும் இராது.

கடத்தும் பகுதி பழுதானால்

இந்த வகையில் அடிக்கடி காணப்படுவது நடுக்காதுக்குள் இரத்தம் தேங்குவது. செவிப்பறை கிழியாமல் இருந்தால் இரத்தம் வெளியே வராது. வைத்தியர் காதுக்குள் விளக்குப் பிடித்துப் பார்க்கும்போது சவ்வு கருநீலமாகத் தெரியும். வளி நிரம்பியிருக்க வேண்டிய அறையில் இரத்தம் நின்றால் எலும்புகள் தாராளமாக அசைய முடியாது. நோயாளிக்குக் காது அடைத்தது போலவும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலவும் இருக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் இரத்தம் வற்றிக் கேட்டல் திரும்பிவிடும். "தானாகத் திறக்கும்" என்கிற பேச்சு பொருந்துவது இவருக்கு.

அடுத்தது செவிப்பறை கிழிவது. தலையில் பலமான அடி விழாமலே, திறந்த உள்ளங்கையால் காதோடு சேர்த்து அறைந்தாலும் இது நடக்கும். காதுத் துவாரத்தில் அடைபட்ட வளி ஒரே கணத்தில் அழுந்திச் சவ்வைக் கிழிக்கிறது. பிள்ளைகளைக் கண்டிக்கிற வீட்டாருக்கும் மற்றவர்களுக்கும் இது தெரிந்திருப்பது நல்லது. யுத்த காலத்தில் குண்டு வெடிப்புக்கு அருகில் நின்றவர்களுக்கும், அம்பாறைப் பக்கம் வயற்காவலில் யானை வெடி கைக்கருகே வெடித்தவர்களுக்கும் செவிப்பறை கிழிந்ததுண்டு. ஆனால் வெடியொலி மயிர்க்கலங்களையும் சேர்த்தே தாக்குவதால் அவர்களுடைய கதை இங்கே பேசுவதைவிடச் சிக்கலானது. அடியினால் வந்த கிழிசல் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகவே மூடிக்கொள்ளும், நீரும் அழுக்கும் போகாமல் காத்தால். குளத்தில் முழுகுவதும் எண்ணெய் விடுவதும் இந்த நிபந்தனையைத்தான் முறிக்கின்றன. மூடாமல் நின்றுவிட்ட ஓட்டையைச் சத்திரசிகிச்சையால் ஒட்டலாம்.

மூன்றாவது, எலும்புச் சங்கிலி கழல்வது. பட்டடையுருவுக்கும் ஏந்தியுருவுக்கும் இடையேயுள்ள மூட்டே அதிகமாகக் கழல்கிறது. பட்டடையுருவை நடுவில் தாங்கிப் பிடிக்க உறுதியான தசை எதுவும் இல்லை. சங்கிலி அறுந்தும் செவிப்பறை முழுமையாக இருந்தால் இழப்பு 60 டெசிபெல் வரை போகலாம். டெசிபெல் என்பது ஒலியின் வலிமையை அளக்கும் அலகு; ஒரு மீற்றர் தூரத்திலிருந்து நாம் சாதாரணமாகப் பேசுவது ஏறத்தாழ 60 டெசிபெல் இருக்கும். அப்படியானால் எதிரே இருப்பவரின் பேச்சு அந்தக் காதுக்கு மெல்லிய முணுமுணுப்பாகவே எட்டும். துடுப்பு முறிந்துபோன தோணிக்காரரின் நிலை இது.

இந்த மூன்றாவது வகை தானாகச் சரியாவது அரிது, ஆனால் சரிசெய்யக்கூடியது. மற்றவை ஆறுவதற்குரிய இரண்டு மூன்று மாதங்கள் கடந்தும் கடத்தல் இழப்பு அப்படியே இருந்தால் சங்கிலி கழன்றிருக்கலாம் என்ற ஐயம் எழும். காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணர் செவிப்பறையை விலக்கி உள்ளே பார்த்து, கழன்ற எலும்பைத் திரும்பப் பொருத்தவோ சிறு செயற்கைத் துண்டு வைத்து இணைக்கவோ முடியும். "நரம்பு செத்திட்டு" என்று வீட்டில் முடிவு கட்டி, பத்து வருடம் ஒரு காதோடு வாழ்ந்துவிட்ட ஒருவருக்கு உண்மையில் கழன்றிருந்தது இந்தச் சிறு மூட்டாகவும் இருக்கலாம். எனக்கு இந்த விடயத்தில் மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

உணரும் பகுதி பழுதானால்

முறிவு உட்காதை ஊடறுத்துப் போனால் அந்தக் காதின் கேட்டல் பெரும்பாலும் முழுதாகவே போய்விடும். கூடவே கடுமையான தலைச்சுற்றும் வாந்தியும் வரும், ஏனெனில் உடலின் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் கால்வாய்களும் அதே உட்காதில்தான் உள்ளன. இப்படிப் போன கேட்டல் திரும்புவது அபூர்வம்.

முறிவில்லாமல், மேலே சொன்ன திரவ அலையால் மட்டும் மயிர்க்கலங்கள் அடிபடுவது உட்காது அதிர்ச்சி எனப்படும். இழப்பு பெரும்பாலும் கூர்மையான ஒலிகளில், குறிப்பாக 4000 ஹேர்ட்ஸ் அளவில் தொடங்குகிறது. ஹேர்ட்ஸ் என்பது ஒரு செக்கனில் எத்தனை அதிர்வு என்பதன் அலகு. எண் கூடக்கூட ஒலி கூர்மையாகும். பேச்சில் உயிரெழுத்துகள் கனத்த ஒலிகள், ச, ஸ, ஷ போன்றவை கூர்மையானவை. ஆகவே இவருக்கு ஒருவர் பேசுவது கேட்கிறது, பேசிய சொல் பிடிபடவில்லை. பசி என்றதைப் படி என்று கேட்டு மறுமொழி சொல்வார். "கேக்குது மனே, என்ன சொல்றாயெண்டுதான் விளங்குதில்ல" என்று அவர் சொன்னால், மூளை குழம்பிவிட்டது என்றோ வேண்டுமென்று நடிக்கிறார் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் தம் நோயை மிகச் சரியாக விவரிக்கிறார். இன்னும் உரக்கக் கத்தினாலும் பயன் குறைவு. முகத்துக்கு நேரே வந்து நிதானமாகப் பேசினால் கூடுதலாக விளங்கும்.

அடிபட்ட முதல் நாட்களில் இந்த இழப்பு ஓரளவு மீளலாம். சில வாரங்களின் பின் நிலைப்பது நிரந்தரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். திடீரென வரும் உணர்நரம்பு இழப்புக்குச் சில வேளைகளில் ஸ்டீரொயிட் மருந்து கொடுப்பார்கள். தலைக்காயம் உள்ளவருக்கு அதைக் கொடுக்கலாமா என்பதை வைத்தியரே எடைபோட வேண்டும். ஆனால் கொடுப்பதானால் முதல் சில நாட்களிலேயே தொடங்குவது நல்லது என்பதால், மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டுப் போனால் அந்த வழி அடைபட்டிருக்கும்.

காதுக்குள் இரைச்சல் தனியே சொல்ல வேண்டிய தொல்லை. வெளியே ஒலி எதுவும் இல்லாதபோது சில்வண்டு போலவோ கடலிரைச்சல் போலவோ கேட்பது அது. இரவில் ஊர் அடங்கிய பின் அது பெரிதாகும். பேயோ பிரமையோ இல்லை. உட்காதிலிருந்து வரவேண்டிய சைகை குறைந்ததற்குக் கேட்டல் தொகுதி காட்டும் எதிர்வினை என்றே பொதுவாக விளக்கப்படுகிறது. பலருக்கு மாதங்கள் செல்லச் செல்லத் தணியும், அல்லது மனம் அதைக் கவனிப்பதை விட்டுவிடும்.

தலைச்சுற்றில் ஒரு வகை எளிதில் தீரக்கூடியது என்பதால் அதையும் சொல்லிவிடலாம். உட்காதின் ஒரு பகுதியில் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் ஒட்டியிருக்கின்றன; அடியில் அவை பெயர்ந்து அரைவட்டக் கால்வாய்க்குள் விழுந்தால், படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் உலகம் சுழன்று ஒரு நிமிடத்துக்குள் நிற்கும். தலையைக் குறித்த வரிசையில் திருப்பும் ஒரு பயிற்சியால் வைத்தியர் அவற்றைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடுவார். இதற்கு வருடக்கணக்கில் குளிசை விழுங்க வேண்டியதில்லை.

ஆக, கடத்தும் பகுதியின் பழுது பெரும்பாலும் ஆறும் அல்லது திருத்தப்படும். உணரும் பகுதியின் பழுது நிலைத்துவிடக்கூடும், ஆகவே அங்கே நாட்களுக்கு மதிப்பு அதிகம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஸ்கான் எதைக் காட்டும், எதைக் காட்டாது

தலையில் அடிபட்டவருக்கு முதல் மணித்தியாலங்களில் எடுக்கும் சீ.ரி. ஸ்கானின் நோக்கம் உயிரைக் காப்பது. மூளைக்குள்ளோ மூளையைச் சுற்றியோ இரத்தம் கசிகிறதா, மண்டையோடு உள்ளே அமிழ்ந்திருக்கிறதா என்பதையே அது தேடுகிறது. அப்படித் தேடுவதுதான் சரியும்கூட. ஆனால் மூளைக்கென எடுத்த படத்தின் வெட்டுகள் தடிப்பானவை. 3 மில்லிமீற்றர் எலும்பின் மூட்டு கழன்றிருப்பதை அதில் காண்பது கடினம். அதற்குக் கடைநுதல் எலும்பை மட்டும் மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் தனி ஸ்கான் தேவை. மயிர்க்கலங்களோ எந்த ஸ்கானிலும் தெரியா. எலும்பும் இரத்தமும் நிழலாக விழும். அதிர்ந்து செயலிழந்த கலத்துக்கு நிழல் கிடையாது.

எனவே "ஸ்கான் கிளியர்" என்பதன் பொருள் மூளையில் அவசரமாகக் கவனிக்க வேண்டியது எதுவும் தென்படவில்லை என்பது மட்டுமே. காது கேட்கிறதா என்பதை அறிய, கேட்கிறதா என்று சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஓர் இசைக்கவையும் இரண்டு கேள்விகளும்

அந்தச் சோதனையின் முதற்படி வியக்கத்தக்க அளவு எளிமையானது. வைத்தியர் மேசை இலாச்சியிலிருந்து ஓர் இசைக்கவையை எடுத்து, முழங்கையிலோ முழங்காலிலோ தட்டி, அதிரும் கவையின் அடியை முதலில் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் ஊன்றுகிறார். பிறகு அதன் கவர்களைக் காதுத் துவாரத்துக்கு நேரே பிடிக்கிறார். எது உரக்கக் கேட்டது என்பது கேள்வி. நல்ல காதுக்கு வளிவழி வந்ததே உரக்கக் கேட்கும், ஏனெனில் எலும்புச் சங்கிலி அதைப் பெருக்கிக் கொடுக்கிறது. சங்கிலியோ செவிப்பறையோ பழுதானால் எலும்பில் ஊன்றியபோது கேட்டதே உரக்க இருக்கும். அந்த அதிர்வு நடுக்காதைச் சுற்றிக்கொண்டு, மண்டையோட்டின் வழியே நேராக நத்தைச்சுருளுக்குப் போய்விடுகிறது. ஹைன்றிஷ் ரின்னெ 1855 இல் விவரித்த சோதனை இது.

இரண்டாவதற்குக் கவையை நெற்றியின் நடுவே ஊன்றி, "எந்தக் காதில் கேட்குது?" என்று கேட்பார்கள். இதைச் சொன்னவர் ஏர்ண்ஸ்ற் வேபர், 1834 இல். இங்கே ஓர் ஆச்சரியம் உண்டு: கடத்தல் இழப்பு உள்ளவருக்குப் பழுதான காதிலேயே உரக்கக் கேட்கும். இதை வாசிக்கும்போதே நீங்கள் சோதிக்கலாம். வாயை மூடி "ம்..." என்று இழுத்துக்கொண்டே ஒரு காதை விரலால் அடையுங்கள், ஒலி அடைத்த காதுப் பக்கம் நகர்ந்துவிடும். உணர்நரம்பு இழப்பு உள்ளவருக்கோ நல்ல காதில்தான் கேட்கும். கேள்வி இரண்டு, கவை ஒன்று, மின்சாரம் கூடத் தேவையில்லை. பாதையின் எந்தப் பகுதி பழுது என்று பெரும்பாலும் சொல்லிவிட முடிகிறது.

அளவை அறிய அடுத்ததாகக் கேட்டல் வரைபு எடுக்கப்படும். இரைச்சல் புகாத சிறு அறையில் காதுகளில் ஹெட்போனை மாட்டி உட்காரவைத்து, 250 முதல் 8000 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளை மெல்ல மெல்லக் குறைத்து அனுப்புவார்கள்; கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். ஒவ்வொரு ஒலியிலும் கேட்ட மிகக் குறைந்த வலிமை புள்ளியாகக் குறிக்கப்படும். வளிவழி ஒரு கோடு, எலும்புவழி ஒரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் இடையே பள்ளம் இருந்தால் அது கடத்தல் இழப்பு. இரண்டும் சேர்ந்தே தாழ்ந்தால் உணர்நரம்பு இழப்பு. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வகுப்பின்படி 20 டெசிபெலுக்குக் குறைவான ஒலியைக் கேட்கும் காது இயல்பானது. 35 இலிருந்து 50 க்குள் இருந்தால் நடுத்தர இழப்பு. 80 க்கு மேல் மிகக் கடும் இழப்பு.

வரைபு இயல்பாக வந்தும் சந்தையிலும் கலியாண வீட்டிலும் பேச்சு விளங்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். காது சரியாக அனுப்பியதை மூளை பிரித்தெடுப்பதில் வந்த தடங்கல் அது. தலைக்காயத்தின் பின் இதுவும் உண்மையான நிலை, பாசாங்கன்று.

ஒரு காது மட்டும் போனால்

தலைக்காயத்தில் பெரும்பாலும் ஒரு காதே பாதிக்கப்படுகிறது. அதனாலேயே பலர் அதைக் கவனிக்கப் பல நாள் எடுக்கிறார்கள். மற்றக் காது வேலையைச் செய்துவிடுகிறது. தொலைபேசியை வழக்கமான காதில் வைத்து "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு மற்றக் காதுக்கு மாற்றும்போதுதான் பலருக்கு உறைக்கிறது. ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை மூளை அறிவது இரு காதுகளையும் அது அடையும் நேர வேறுபாட்டாலும் வலிமை வேறுபாட்டாலும். அந்த நேர வேறுபாடு ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கைவிடக் குறைவு. ஒரு காது போனால் அந்தக் கணக்கும் போகிறது. பஸ்ஸின் ஹோர்ன் கேட்கும், எந்தப் பக்கமென்று தெரியாது. மறுபடி மோட்டார் சைக்கிளில் ஏறப்போகிறவர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவை

அடிபட்டவரின் காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர் போலத் தெளிந்த திரவம் ஒழுகினால், அது மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம். செவிப்பறை கிழியாதிருந்தால் அந்தத் திரவம் நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் போகும் குழாய் வழியே இறங்கி, உப்புக்கரிப்பது போலத் தொண்டையில் உணரப்படுவதும் உண்டு. திரவம் வெளியேறும் வழி கிருமி உள்ளே போகும் வழியுமாகும். மூளையுறை அழற்சி உயிரை எடுக்கக்கூடியது. பஞ்சை உள்ளே திணித்து அடைக்கக் கூடாது, சொட்டு மருந்தோ எண்ணெயோ விடக் கூடாது, மூக்கைப் பலமாகச் சீறக் கூடாது. காதின் வெளிப்புறத்தில் சுத்தமான துணியை இலேசாக வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

காதுக்குப் பின்னால் ஒன்றிரண்டு நாள் கழித்துக் கருநீலம் படர்வது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்ததற்கான அடையாளமாக இருக்கலாம்; அடிபட்ட அன்று அது தெரியாது என்பதால் வீட்டாரே பார்க்க வேண்டியதாகிறது. முகம் ஒரு பக்கம் கோணுவது, கண்ணிமை மூடாதிருப்பது இன்னொன்று. முகத் தசைகளை இயக்கும் நரம்பும் இதே கடைநுதல் எலும்புக்குள் செல்கிறது. அடிபட்ட உடனேயே கோணியதா, சில நாள் கழித்துக் கோணியதா என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே வேறுபடும்; ஆகவே முதலில் கண்டவர் நாளையும் நேரத்தையும் சொல்லக்கூடியவராக இருந்தால் அது பெரிய உதவி. கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, தூங்கி விழுதல், வலிப்பு ஆகியவை காதைத் தாண்டிய ஆபத்துகள். இவற்றில் எதைக் கண்டாலும் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் கட்டணமின்றி வரும்.

இந்த அறிகுறி எதுவும் இல்லாமல் காது மந்தமாக மட்டும் இருந்தால் அம்பியூலன்ஸ் வேண்டாம்; ஆனால் அடுத்த கிளினிக் நாள் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். வார்டில் இருக்கும்போதே சொல்லுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலையாக இருந்தால் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அங்கேயே துண்டு எழுதிவிடுவார்கள்; சிறிய வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்புகிறவர் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நிலைத்துவிட்ட இழப்போடு

மீளாது என்று உறுதியான பிறகும் செய்யக்கூடியவை உள்ளன. மயிர்க்கலங்கள் ஓரளவு எஞ்சியிருந்தால் காது கேட்கும் கருவி உதவும்; நடுக்காதைத் திருத்த முடியாதவருக்கு எலும்புவழி அதிர்வைக் கொடுக்கும் கருவி உண்டு. ஒரு காது முற்றாகப் போனவருக்கு, அந்தப் பக்கத்து ஒலியைப் பிடித்து நல்ல காதுக்கு அனுப்பும் கருவியும் இருக்கிறது. இரண்டு காதிலும் நத்தைச்சுருள் முற்றாகச் செயலிழந்து, செவிநரம்பு முழுமையாக இருந்தால், நத்தைச்சுருளுக்குள் மின்முனைகளைப் பதித்து நரம்பை நேரடியாகத் தூண்டும் சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது. நரம்பே அறுந்திருந்தால் அது பயன்படாது.

விபத்து வழக்காகவோ காப்புறுதிக் கோரிக்கையாகவோ போகும் சந்தர்ப்பத்தில் கேட்டல் வரைபு ஓர் ஆவணமுமாகிறது. எங்கள் ஊர்களில் வைத்தியசாலைத் துண்டுகள் சீமெந்துச் சுவரில் ஆணியடித்த பொலித்தீன் பையில் தொங்கி, அடுத்த மாரியில் மை கரைந்துவிடுகின்றன. முதல் வரைபைத் தொலைபேசியில் படமெடுத்து வைத்தால் போதும். ஆறு மாதம் கழித்து எடுக்கும் வரைபை அதன் பக்கத்தில் வைத்தால்தான், காது மீண்டு வருகிறதா, நின்ற இடத்தில் நிற்கிறதா, இன்னும் இறங்குகிறதா என்று வைத்தியர் சொல்ல முடியும்; அடிபட்டதற்குப் பிறகு மாதங்கள் கழித்து இறங்கிக்கொண்டே போகும் காதுக்கு உட்காதுத் திரவம் கசிவது போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டியிருக்கும்.